‘கட்ஸ் நோ ஐஸ்’: எங்கே எடுபடும், எங்கே எடுபடாது?

கேள்விக்கொத்து:
“கட்ஸ் நோ ஐஸ் வித் மீ” என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு அகராதிகளில் “கவராது”, “பயன் தராது” என்று ஒற்றைச் சொல்லில் பொருள் போட்டிருக்கிறது. அதை நம்பி வாக்கியம் அமைத்தால் எங்கோ இடிக்கிறது. கீழே ஐந்து வாக்கியம். எது சரி, எது தவறு, ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழில் இதற்குச் சமமான வழக்கு எது என்றும் வேண்டும்.

அ) மை ரிக்வெஸ்ட் டிட் நாட் கட் ஐஸ்.
ஆ) ஹிஸ் டிகிரி கட்ஸ் நோ ஐஸ் டு மை மதர்.
இ) ஹிஸ் ஜோக் கட் நோ ஐஸ்.
ஈ) ஹர் எக்ஸ்கியூஸஸ் கட் நோ ஐஸ் வித் தி ஹெட்மாஸ்டர்.
உ) தி பிரியாணி கட் நோ ஐஸ்.

சொற்கட்டு:
ஐந்தில் ஒன்றுதான் முழுக்கச் சரி. எது என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தொடரின் எலும்பைப் பிடியுங்கள்.

இதில் மூன்று உறுப்பு. முதலாவது எழுவாய். யாரோ ஒருவர் மற்றவரை அசைக்கப் பயன்படுத்தும் ஏதாவது ஒன்றாக அது இருக்க வேண்டும்: சாக்கு, கெஞ்சல், மிரட்டல், பட்டம், பதவி, சிபாரிசுக் கடிதம், பழைய பெருமை, முகஸ்துதி. இரண்டாவது “கட் நோ ஐஸ்” என்ற நடுப்பகுதி. இதில் “நோ” என்ற இடத்தில் ஏதாவது ஓர் அளவுச்சொல் இருந்தே ஆக வேண்டும். “நோ”, “மச்”, “லிட்டில்”, அல்லது வினைக்கு “டஸ் நாட்” போட்டுவிட்டு “எனி”. மூன்றாவது “வித்” போட்டு ஆளைச் சொல்வது. யாரிடம் எடுபடவில்லை என்பது இங்கேதான் வரும். “டு” வராது, “ஆன்” வராது, “ஃபார்” வராது. ஆள் யாரென்று முன்பின் வரியிலேயே தெரிந்தால் மூன்றாவதை விட்டுவிடலாம், மற்றபடி அது இல்லாமல் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

“ஐஸ்” ஒருமையாகவே நிற்கும். “ஐசஸ்” கிடையாது, “அன் ஐஸ்” கிடையாது. செயப்பாட்டு வினையாக்கி “நோ ஐஸ் வாஸ் கட்” என்றால் வேடிக்கைக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கேள்வியாகக் கேட்கலாம்: “டஸ் தட் கட் எனி ஐஸ் வித் ஹிம்?” உடன்பாட்டில், அதாவது “இட் கட்ஸ் ஐஸ்” என்று, அன்றாடப் பேச்சில் அநேகமாக வராது. தமிழில் “பொருட்படுத்தவில்லை” சரளமாக வந்து “பொருட்படுத்தினார்” அவ்வளவாக வராதது போல.

மாட்டுத்தாவணி:
இவ்வளவு இலக்கணம் எதுக்குங்க? “உன் பருப்பு இங்க வேகாது.” முடிஞ்சு போச்சு. ஐஸுக்குப் பதிலா பருப்பு, வெட்டுறதுக்குப் பதிலா வேகுறது.

சொற்கட்டு:
கிட்டத்தட்டத்தான், ஆனால் அங்கேதான் பலரும் வழுக்குவது. “பருப்பு வேகாது” என்பதில் ஒரு சவடால் இருக்கிறது. எதிராளி ஏதோ தந்திரம் பண்ண வந்திருக்கிறான், அவனை நேருக்கு நேர் பார்த்து “போடா” என்கிற தொனி. “கட்ஸ் நோ ஐஸ்” அப்படி எகிறாது, அலட்சியமாக உட்கார்ந்திருக்கும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொல்கிறார், கமிட்டி மசியவில்லை என்று வையுங்கள். ஆங்கிலத்தில் அவர் யோசனைக்கு “கட் நோ ஐஸ்” தாராளமாகப் போடலாம். தமிழில் “பேராசிரியரின் பருப்பு வேகவில்லை” என்று எழுதினால் அந்த மனிதரைக் கயவாளி ஆக்கிவிட்டீர்கள்.

பொதுவான மாற்று “எடுபடவில்லை”. பொருத்தம் அர்த்தத்தில் மட்டும் இல்லை, அமைப்பிலும் இருக்கிறது. “அந்தச் சாக்கு வாத்தியாரிடம் எடுபடவில்லை.” எழுவாய் சாக்கு, ஆளுக்கு “இடம்” உருபு. ஆங்கிலத்தின் “வித்” உட்காரும் அதே நாற்காலியில் நம் “இடம்” உட்காருகிறது. “டு” போடத் தோன்றினால் தமிழில் “வாத்தியாருக்கு எடுபடவில்லை” என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும்.

எழுவாய் மாறினால் தமிழில் இன்னும் கூர்மையான சொற்கள் இருக்கின்றன. வந்தது பீற்றல் என்றால் “ஜம்பம் சாயாது”. தில்லுமுல்லு என்றால் “பாச்சா பலிக்காது”. பதவி, அடையாள அட்டை, “நான் யார் தெரியுமா” வகை என்றால் “அதெல்லாம் இங்கே செல்லாது”, காசு செல்லாதது போல. கெஞ்சல் என்றால் வாக்கியத்தையே திருப்பிப் போட்டு, “எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை” என்று கேட்பவரை எழுவாயாக்க வேண்டும். ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே கத்தியால் நறுக்குகிறது. நம்மிடம் அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, பாக்குவெட்டி என்று தனித்தனி. மொழிபெயர்ப்பவர் எதைக் கையில் எடுப்பது என்று எழுவாயைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாட்டுத்தாவணி:
சரி, ஒப்புக்கிறேன். பேராசிரியர் பருப்பு நல்லா இல்லதான்.

வடலிநிழல்:
எங்கட பக்கத்திலயும் “உந்தப் பருப்பு இஞ்ச வேகாது” எண்டு சொல்லுறது இருக்கு. ஆனா சாதாரணமா “உந்தக் கதை அவரிட்டச் சரிவராது” எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவம். சவடால் இல்லை, மரியாதையும் கெடாது. சொற்கட்டு சொல்லுற அந்த அலட்சியத் தொனிக்கு இது நல்லாப் பொருந்தும் எண்டு நினைக்கிறன்.

வரிக்கீழ்வரி:
வசனத்துக்குக் கீழே எழுத்து போடுகிற வேலையில் இந்தத் தொடர் அடிக்கடி தலைகாட்டும். கவனிக்க வேண்டியது காலம்.

ஆங்கில “கட்” வினைக்கு நிகழ்காலம், இறந்தகாலம், முடிவெச்சம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) மூன்றும் ஒரே வடிவம். “கட்டட்” என்று ஒன்று கிடையவே கிடையாது. “ஹிஸ் திரெட்ஸ் கட் நோ ஐஸ் வித் ஹெர்” என்ற வரியைப் பாருங்கள். எழுவாய் பன்மை, ஆகவே நிகழ்காலத்திலும் “கட்”, இறந்தகாலத்திலும் “கட்”. ஆங்கிலம் பதில் சொல்லாமல் நழுவுகிறது. தமிழில் நழுவ வழியில்லை. “அவன் மிரட்டல் அவளிடம் எடுபடவில்லை” என்றால் மிரட்டல் நடந்து முடிந்தது. “எடுபடாது” என்றால் அவள் சுபாவமே அப்படி, இனிமேல் மிரட்டினாலும் அதே கதி. முன்காட்சியில் மிரட்டல் வந்துவிட்டதா என்று பார்க்காமல் இந்த வரியை மொழிபெயர்க்கக் கூடாது. வசன வரிகளை மட்டும் தனி ஏடாகக் கொடுத்து, காட்சியைப் பார்க்காமல் செய்யச் சொல்லும் இடங்களில் இந்தப் பிழை மளமளவென்று விழுகிறது.

எழுவாய் ஒருமையாக இருந்தால் பிரச்சினை இல்லை. “கட்ஸ்” என்றால் நிகழ்காலம், “கட்” என்றால் இறந்தகாலம். அந்த ஒற்றை “ஸ்” மேல் கண் இருக்கட்டும்.

இடம் குறைவு என்பதால் “எடுபடாது” வசதி. ஐந்தே எழுத்து. “என்னை எவ்விதத்திலும் கவரவில்லை” என்று இழுத்தால் வாசித்து முடிப்பதற்குள் பாத்திரம் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கும்.

ஒரு உதாரணத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். “தி ஃபேக்ட் தட் ஹி வாஸ் தி சேர்மன்ஸ் நெஃப்யூ கட் நோ ஐஸ் வித் தி ஆடிட்டர்ஸ்.” முதல் சிக்கல் ஐஸ் இல்லை, நெஃப்யூ. அண்ணன் மகனா, அக்கா மகனா? கதையில் தெளிவாகும் வரை “சொந்தக்காரன்” என்று வைப்பதுதான் பத்திரம். இரண்டாவது, “தி ஃபேக்ட் தட்” என்பதை “என்ற உண்மை” என்று எழுதாதீர்கள். தமிழில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, “-ங்கிற” போதும். மூன்றாவது, இங்கே எழுவாய் உறவுமுறை என்ற செல்வாக்கு. ஆகவே “செல்லாது” குடும்பமா, “எடுபடாது” குடும்பமா என்று பார்க்கலாம். முடிவாக: “சேர்மன் சொந்தக்காரன்கிற பந்தா ஆடிட்டருங்ககிட்ட எடுபடலை.” “பந்தா” மூலத்தில் இல்லைதான். ஆனால் மூலத்தில் தொடர் முழுக்கப் பரவியிருந்த நக்கல் தமிழில் இறங்க ஓர் இடம் வேண்டுமே.

கேள்விக்கொத்து:
இதில் ஐஸ் எதற்கு? நம் ஊரில் “ஐஸ் வைக்கிறது” என்றால் புகழ்ந்து காரியம் சாதிக்கப் பார்ப்பது. அந்த ஐஸுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

சொற்கட்டு:
சம்பந்தம் இல்லை. ஆனால் குழப்பம் நிறைய உண்டு, ஏனென்றால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து மோதும். “ஃப்ளாட்டரி கட்ஸ் நோ ஐஸ் வித் ஹெர்.” தமிழில் இதற்கு ஆகச் சிறந்த வரி: “எவ்வளவு ஐஸ் வச்சாலும் அவகிட்ட எடுபடாது.” பார்த்தீர்களா, ஐஸ் அப்படியே வந்துவிட்டது! ஆனால் ஆங்கிலத்தில் வெட்டப்படாமல் கிடந்த ஐஸ் இது இல்லை. “ஃப்ளாட்டரி” என்ற சொல்தான் தமிழில் ஐஸ் ஆகியிருக்கிறது, “கட்ஸ் நோ ஐஸ்” முழுவதும் “எடுபடாது” ஆகிவிட்டது. இதைக் கண்டு குஷியாகி, எல்லா இடத்திலும் ஐஸை ஒட்டவைத்தால் கெட்டது. “ஹிஸ் எக்ஸ்பீரியன்ஸ் கட் நோ ஐஸ்” என்பதை “அவர் ஐஸ் வைக்கவில்லை” என்று எழுதினால், அனுபவசாலி ஒருவர் யாரையும் புகழாமல் கம்பீரமாக வந்தார் என்று தலைகீழாகிவிடும்.

“பிரேக் தி ஐஸ்” வேறு, புதியவர்களுக்கு நடுவில் இருக்கும் கூச்சத்தைப் போக்குவது. “ஆன் தின் ஐஸ்” வேறு, ஆபத்தான இடத்தில் நிற்பது. “புட் ஆன் ஐஸ்” வேறு, கிடப்பில் போடுவது. ஐஸ் ஒன்று, குணம் நாலு.

ஐஸ்ஹவுஸ் ஸ்டாப்பிங்:
தொடர் பிறந்த இடம் அமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பரவியது. எதிலிருந்து வந்தது என்பதற்கு இரண்டு மூன்று ஊகங்கள் சுற்றுகின்றன. மழுங்கிப் போன ஸ்கேட்டிங் கத்தி பனியில் பிடிக்காமல் சறுக்கும், அது ஒன்று. பனிக்கடலை உடைத்துப் போகும் கப்பல் இன்னொன்று. எதற்கும் உறுதியான சான்று கிடையாது. ஆகவே “இது இப்படித்தான் வந்தது” என்று கதை விடுபவரிடம் ஜாக்கிரதை.

ஆனால் ஐஸை வெட்டுவது அந்தக் காலத்து அமெரிக்காவில் நிஜமான தொழில் என்பதை மறக்க வேண்டாம். மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்ததும் பனிப்பரப்பில் கட்டம் கட்டமாகக் கோடு கீறி, குதிரை இழுக்கும் கலப்பை மாதிரியான வெட்டுக் கருவியால் ஆழப்படுத்தி, பாளம் பாளமாகப் பிளந்து, மரத்தூளில் பொதிந்து வைப்பார்கள். அந்தக் கருவியை 1820-களில் உருவாக்கியவர் நத்தானியல் வயத். வெட்டிய ஐஸை உலகமெல்லாம் விற்றவர் பாஸ்டன் வணிகர் ஃப்ரெடரிக் டியூடர். 1833-இல் டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பி நாலு மாதம் கடலில் கிடந்து கல்கத்தா போனது. உருகியது போக 100 டன் அளவுக்கு மிஞ்சியது. மெட்ராஸுக்கு வந்த அதே அமெரிக்க ஐஸைச் சேர்த்து வைக்கக் கட்டியதுதான் மெரினா எதிரே இருக்கும் ஐஸ்ஹவுஸ், 1842. இன்று விவேகானந்தர் இல்லம். கட்டடத்தின் பெயர் மாறியும் திருவல்லிக்கேணிக்காரர்கள் ஏரியாவை ஐஸ்ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள்.

இதனால் தொடர் ஐஸ் வியாபாரத்திலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பாளம் வெட்டுகிற காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் பொருள் மறக்காது, அவ்வளவுதான். கத்தியை ஓங்கிப் போடுகிறீர்கள், கீறல்கூட விழவில்லை. அப்படியே கிடக்கிறது பனி.

தீர்ப்புநகல்:
இந்திய ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்கு இரண்டு தனி வாழ்க்கை உண்டு, அதையும் பதிகிறேன்.

ஒன்று செய்தித் தலைப்பு: “ஃபெயில்ஸ் டு கட் ஐஸ் வித் வோட்டர்ஸ்.” நம் நாளிதழ்களில் சர்வசாதாரணம். சொற்கட்டு சொன்ன அளவுச்சொல் இதில் இல்லை. “ஃபெயில்ஸ்” என்பதே எதிர்மறையைச் சுமந்துகொள்கிறது என்று நம் பத்திரிகையாளர்கள் விட்டுவிட்டார்கள். லண்டன் ஆசிரியர் மேசையில் இதற்கு ஒரு “எனி” சேர்த்துவிடுவார். இந்திய வாசகருக்கு எழுதும்போது குற்றமில்லை, வெளிநாட்டுத் தேர்வுக்கு எழுதும்போது வேண்டாம்.

இரண்டாவது நீதிமன்றம். “தி ப்ளீ டஸ் நாட் கட் எனி ஐஸ்” என்று தீர்ப்புகளில் வருவதுண்டு. இங்கே பொருள் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. வீட்டுப் பேச்சில் “என்னை அசைக்கவில்லை” என்பதோடு நிற்கும் தொடர், தீர்ப்பில் “அவ்வாதம் நிராகரிக்கப்படுகிறது” என்ற பலனோடு வருகிறது. ஆகவே சான்றிட்ட தமிழ் நகலில் “எடுபடவில்லை” போதாது. “மனுதாரர் தரப்பின் அவ்வாதம் ஏற்புடையதன்று” என்று எழுத வேண்டும். நாளிதழ்ச் செய்தியில் “நீதிபதியிடம் எடுபடவில்லை” சரி. அதே வரி நகலில் போனால் மேசையிலிருந்து திரும்பி வரும்.

இன்னொன்று. “ஹோல்ட்ஸ் நோ வாட்டர்” என்பதையும் இதையும் ஒன்றாகப் பாவிக்கிறார்கள். அது வேறு. தண்ணீர் நிற்காத பானையில் ஓட்டை இருக்கிறது, அதாவது வாதத்திலேயே பழுது. “கட்ஸ் நோ ஐஸ்” வாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வாதம் அப்பழுக்கற்றதாகவே இருக்கலாம், கேட்டவர் அசையவில்லை. எதிர்த்தரப்பு வாதம் பொய் என்று சொல்ல வந்த இடத்தில் ஐஸைப் போட்டால், “வாதம் நல்லதுதான், நான் பிடிவாதக்காரன்” என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

வடலிநிழல்:
“செவிடன் காதில ஊதின சங்கு” எண்டு இதுக்குப் போடலாமோ?

தீர்ப்புநகல்:
வேண்டாம். அது “ஃபால் ஆன் டெஃப் இயர்ஸ்”. சங்கு ஊதியவருக்குக் கேட்பவர் காது கொடுக்கவே இல்லை. ஐஸ் வெட்டாதபோது கேட்பவர் நன்றாகக் கேட்டார், யோசித்தார், பிறகும் அசையவில்லை. மனு படிக்காமல் குப்பைக்குப் போனால் சங்கு. படித்துவிட்டுத் தள்ளினால் ஐஸ்.

உச்சரிப்பு அண்ணாச்சி:
எழுத்து சரி, வாயைத் திறந்தால் இன்னொரு வம்பு இருக்கிறது. தமிழில் பனிக்கட்டியும் “ஐஸ்”, கண்களும் “ஐஸ்”. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. பனிக்கட்டியில் கடைசி ஒலி பாம்பு சீறுவது போல வெறும் காற்று. கண்களில் கடைசி ஒலி வண்டு ரீங்காரம். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், கண்களுக்கு அதிரும், பனிக்கட்டிக்கு அதிராது. அதைவிட முக்கியம் முன்னால் வரும் “ஐ”. பனிக்கட்டியில் அது குறுகி வெடுக்கென்று முடியும், கண்களில் இழுபடும். நம் ஆட்கள் இழுத்துச் சொல்வதால் “அது என் கண்களை வெட்டவில்லை” போலக் கேட்கும். “ஐ”யைக் குறுக்கினாலே முக்கால்வாசி சரியாகிவிடும்.

அழுத்தம் “நோ” மேலும் “ஐஸ்” மேலும் விழ வேண்டும். “கட்ஸ்” தணிந்து போகட்டும். எல்லாச் சொல்லையும் ஒரே உயரத்தில் சொன்னால் பாடப்புத்தகம் வாசிப்பது போல இருக்கும்.

மாட்டுத்தாவணி:
ஆபீஸ் மெயில்ல மேனேஜருக்கு இதைப் போடலாமா?

சொற்கட்டு:
அவரிடம் மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசும்போது போடலாம். “வீ ஆர் பிஸி அப்படிங்கிற சாக்கெல்லாம் க்ளையண்ட்கிட்ட கட்ஸ் நோ ஐஸ்” என்றால் யாருக்கும் உறுத்தாது. நேராக அவருக்கே “யுவர் ரீசன் கட்ஸ் நோ ஐஸ் வித் மீ” என்று எழுதினால் முகத்தில் அடித்த மாதிரி. மேலிருந்து கீழே சொல்லக்கூடிய வார்த்தை அது. கீழிருந்து மேலே போக “ஐ ஆம் நாட் ஃபுல்லி கன்வின்ஸ்டு” போதும். அறிக்கை, விண்ணப்பம், கட்டுரை போன்றவற்றுக்கு “கேரீஸ் லிட்டில் வெயிட்” பத்திரமான மாற்று. அதுவும் “வித்” ஆளோடு சேரும்.

இனி அந்த ஐந்து வாக்கியம்.

அ) “மை ரிக்வெஸ்ட் டிட் நாட் கட் ஐஸ்.” அளவுச்சொல் இல்லை, ஆளும் இல்லை. “டிட் நாட் கட் எனி ஐஸ் வித் தி பேங்க்” என்று முடிக்க வேண்டும்.

ஆ) “டு மை மதர்.” உருபு தவறு, “வித்”. எழுவாய் பட்டம் என்பதால் மற்றதெல்லாம் சரி. “அவன் பட்டமெல்லாம் எங்கம்மாகிட்ட செல்லாது.”

இ) நகைச்சுவைக்கு இந்தத் தொடர் பொருந்தாது. ஜோக் யாரையும் சம்மதிக்க வைக்கப் போவதில்லை, சிரிக்க வைக்கப் போகிறது. சிரிப்பு வராவிட்டால் “ஃபெல் ஃப்ளாட்”. இங்கேதான் “எடுபடு” நம்மை ஏமாற்றுகிறது. தமிழில் ஜோக்கும் எடுபடாது, சாக்கும் எடுபடாது. ஆங்கிலத்தில் ஜோக் தட்டையாக விழும், சாக்கு ஐஸை வெட்டாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பாதையில் அதிகம் விழும் குழி இதுதான்.

ஈ) முழுக்கச் சரி. ஆனால் வரிக்கீழ்வரி சொன்ன காலக் குழப்பம் இதிலும் உண்டு. “எக்ஸ்கியூஸஸ்” பன்மை, ஆகவே “எடுபடவில்லை”யா “எடுபடாது”வா என்று முன்வரியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உ) பிரியாணி யாரையும் வற்புறுத்த வரவில்லை. சுமாராக இருந்தது என்றால் “நத்திங் டு ரைட் ஹோம் அபவுட்”. இதற்குத் தமிழில் அச்சுவார்த்தது போல ஒன்று இருக்கிறது: “அப்படியொண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லை.” சமைத்தவர் தரத்தையே எட்டவில்லை என்றால் “டிட் நாட் கட் தி மஸ்டர்ட்”. இதிலும் “கட்” வருவதால் ஐஸோடு குழப்பிக்கொள்கிறார்கள். கடுகு தகுதியைப் பற்றியது, ஐஸ் செல்வாக்கைப் பற்றியது.

கேள்விக்கொத்து:
அப்படியானால் “அந்தக் கடைக்காரர் எங்களுக்கு இலவசமாக பிரியாணி கொடுத்தார், ஆனாலும் சுகாதார ஆய்வாளர் அசையவில்லை” என்றால்?

சொற்கட்டு:
ஆய்வாளருக்கும் ஒரு பொட்டலம் போனதா என்று முதலில் சொல்லுங்கள். போயிருந்தால் பிரியாணி இப்போது சாப்பாடு இல்லை, சிபாரிசு. “தி ஃப்ரீ பிரியாணி கட் நோ ஐஸ் வித் தி இன்ஸ்பெக்டர்.” தாராளமாக எழுதலாம்.

மாட்டுத்தாவணி:
பிரியாணியில பருப்பு இல்ல, அதான் வேகல.